கோள் சொல்லும் பாட்டில்

அப்பாவுக்கு வேலை மீன்களைப் பார்த்துக்கொள்வது. ஏரிக்கரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் நீளமான தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள் இரண்டு வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், தொட்டிக்குத் தொட்டி ஒரு காற்றுக் குழாய், மூலையில் ஓயாமல் முனகும் ஒரு மோட்டார். தண்ணீர் மாற்றுவது, அடியில் படியும் அழுக்கை ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சுவது, தீனி போடுவது, செத்ததை வலையில் அள்ளுவது எல்லாம் அவர்தான். அங்கே அவருக்குப் பெயர் தொட்டிக்காரர். விரல்கள் எப்போதும் ஊறிச் சுருங்கிக் கிடக்கும். வீட்டுப் படி ஏறும்போதே அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "சட்டையை வெளியிலயே கழட்டுங்க. வீடே ஏரி நாத்தம் அடிக்குது."

அப்பா சின்ன உருவம். நான் அவரைவிட ஒரு தலை உயரம். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் அம்மாவிடம், "பொண்ணு யார் சாடை?" என்று கேட்பார்கள். அம்மா தையல் மிஷினை நிறுத்தாமல், "எங்க அப்பா சாடை" என்பாள். அம்மாவின் அப்பா என் தோள் உயரம்கூட இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தாலே தெரியும். யாரும் அதைப் பார்க்காமலிருக்க வேண்டும் என்றுதான் அம்மா அதன் மேலேயே ஒரு காலண்டரையும் மாட்டி வைத்திருந்தாள்.

சுற்றி வளைப்பானேன், சொல்லிவிடுகிறேன். அப்பா என்னைப் பெற்றவர் இல்லை. நான் ஐந்து மாதக் கருவாக இருந்தபோது அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். பெற்றவர் ஏரியில் படகு ஓட்டியவர். ஆள் நெடுநெடுவென்று உயரமாம், பேச்சில் தேன் ஒழுகுமாம், ஒரு நாள் படகோடு போய்விட்டாராம். இதெல்லாம் நான் ஆறாவது படிக்கும்போது பெரியம்மா ஒரு சண்டையில் கொட்டியது. பெரியம்மா வாயில் எதுவும் நிற்காது. சொல்லிவிட்டு, "ஐயையோ, அம்மாகிட்ட சொல்லிடாதடி" என்று என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தோம். எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அப்பா. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நான். தெரிந்தால் மறுநாளிலிருந்து என்னிடம் எப்படிப் பேசுவார், வேற்று மனுஷியிடம் பேசுகிற மாதிரி பேசுவாரோ என்றெல்லாம் நினைத்துப் பல நாள் பயந்திருக்கிறேன். நான் கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

அப்பா என்னைத் திட்டியதே கிடையாது. திட்ட ஆரம்பிப்பார். குரல் ஏறும், முகம் சிவக்கும், பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போலச் சட்டென்று இறங்கிவிடுவார். "சரி விடு பாப்பா, பார்த்து நடந்துக்க" என்று முடித்துவிடுவார். நான் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்த அன்றைக்கும் அவ்வளவுதான். திட்டும் இலாகா முழுக்க அம்மாவிடம் இருந்தது. அப்பா சாது, பயந்த சுபாவம் என்று நான் நினைத்துக்கொண்டு, அதை வேண்டியமட்டும் பயன்படுத்திக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை.

இந்த வருஷம் வெயில் ஏறியதும் மீன்கள் முட்டையிடும் பருவம் வந்தது. நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆராய்ச்சி மேடம் ஒரு சோதனையை ஆரம்பித்தார். மேடம் கெட்டிக்காரர், கறாரானவர், ஆனால் வேலையாட்களை வாங்க போங்க என்று பேசுகிறவர். அவர் நிலையத்தில் போட்டுக்கொள்ளும் கோட்டைத் தைத்துக் கொடுத்தது எங்கள் அம்மாதான். சோதனை ஆரம்பித்த அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் எங்களுக்கு மீன் புராணம் சொன்னார்.

"பெரிய ஆம்பளை மீனு இருக்கே, அது வாலால அடிச்சு அடிச்சு கல்லையெல்லாம் ஒதுக்கி, தட்டு மாதிரி ஒரு பள்ளம் பண்ணும். பொம்பளை வந்து முட்டை போட்டுட்டுப் போயிடும். அதுக்கப்புறம் எல்லாம் இவன் பொறுப்பு. முட்டைக்குக் காத்து படணும்னு துடுப்பால விசிறிகிட்டே இருப்பான். கிட்ட எது வந்தாலும் பாய்வான். சரியா சாப்பிடக்கூட மாட்டான்."

"நல்ல குடும்பம்தான்" என்றாள் அம்மா.

"முழுசா கேளு. இன்னொரு மாதிரி ஆம்பளை இருக்கான். பொடியன். பள்ளமும் தோண்ட மாட்டான், காவலும் காக்க மாட்டான். செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்து, அவ முட்டை போடுற நேரம் பார்த்து விருட்டுனு உள்ள பூந்து, தன் பங்கையும் விட்டுட்டு ஓடிப்போயிடுவான்."

"திருட்டுப் பய."

"அவனாவது பரவாயில்ல. மூணாவது ஒருத்தன் இருக்கான், அவன் பொம்பளை வேஷம். நிறம், நடை, குலுக்கு எல்லாம் அச்சு அசல். பெரியவன் நமக்கு ரெண்டாவது ஒண்ணு வந்திருக்குன்னு மிதப்புல நிப்பான். வேஷக்காரன் நடுவுல பூந்து காரியத்தை முடிச்சிட்டு, சமத்தா வெளிய வந்துடுவான்."

அம்மா சிரித்துவிட்டாள். "தண்ணிக்குள்ள போனாலும் ஆம்பளைங்க புத்தி மாறாது போல." அதோடு விட்டிருக்கலாம். பேச்சுவாக்கில், "அப்போ அந்த ஏமாளி வளர்க்கிறதுல பாதி அவனோடதே இல்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. கரண்டி கையிலேயே நின்றது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "பாதியெல்லாம் இருக்காது. கொஞ்சம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கோ நாக்கு துறுதுறுத்தது. "அது பெரியவனுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

"சில சமயம் சந்தேகம் வரும்னு மேடம் சொல்றாங்க. குஞ்சு பொரிஞ்சப்புறம் வாசனையில கண்டுபிடிச்சிடுமாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். செம்பு அவர் பக்கத்திலேயே இருந்தது.

எங்கள் வீட்டுக் கதையில் அளவு மட்டும்தான் மாறிவிட்டது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். புகுந்து ஓடியவர் பெரியவர். காவல் நின்றவர் பொடியன்.

மேடத்தின் சோதனை இதுதான். சந்தேகம் வந்த தகப்பன் என்ன செய்யும்? பெண் மீன் முட்டையிடும் நேரத்தில், பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். பாட்டிலுக்குள் ஒரு பொடியன். அவனால் வெளியே வர முடியாது, முட்டையைத் தொட முடியாது. ஆனால் பெரியவன் கண்ணில் படுவான். ஒரு வரிசைத் தொட்டிகளுக்கு இப்படி. எதிர் வரிசைக்கு வெறும் பாட்டில். பிறகு வரும் நாட்களில் எந்தத் தகப்பன் முட்டையை எவ்வளவு விசிறுகிறது, திருட வரும் மீனை எவ்வளவு மூர்க்கமாக விரட்டுகிறது என்று மேடம் உட்கார்ந்து பார்ப்பார். காலையில், மேடம் வருவதற்கு முன்பே, பாட்டிலை இறக்கி எடுப்பது மட்டும் அப்பாவின் வேலை.

முதல் தொட்டியிலேயே விஷயம் மேடம் நினைத்தபடி ஆயிற்று. பாட்டிலைப் பார்த்த தகப்பன் இரண்டு நாள் அரைகுறையாக விசிறியது. பிறகு பள்ளத்தை விட்டு விலகி மூலையில் போய் நின்றது. முட்டைகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அதை அள்ளி வெளியே கொட்டியதும் அப்பாதான். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் நாத்தம் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் அம்மாவின் வெட்டுத்துணிப் பெட்டியில் பொருள் குறைந்தது. "சாம்பல் கலர்ல புள்ளி போட்ட லைனிங் துணி மிச்சம் வச்சிருந்தேனே, எலியா தின்னுச்சு?" என்று புலம்பினாள். எந்த எலி என்று எனக்கு அந்தச் சனிக்கிழமை தெரிந்தது. அப்பா சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தார். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கொட்டகைக்குள் நுழைந்தேன். அப்பா தொட்டி ஓரத்தில் குனிந்து நின்று, பாட்டிலுக்கு ஒரு துணி உறையை மாட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம், சின்னச் சின்னப் புள்ளி. உறை போட்ட பாட்டிலை அலுங்காமல் தண்ணீரில் இறக்கினார். பள்ளத்தில் நின்ற பெரிய மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பாட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி நிமிர்ந்தார். "மேடம்கிட்ட சொல்லிடாத பாப்பா."

"வேலை போயிடும்ப்பா."

"தெரியுது." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "என்னால முடியல. அந்த முட்டை அத்தனையும் அவனோடதுதான். பாட்டில்ல இருக்கிறவன் ஒண்ணுமே பண்ணல. நாமளா போய் அவன்கிட்ட கோள் மூட்டுறோம். 'உன்னோடது இல்ல, உன்னோடது இல்ல'ன்னு கண்ணெதிர்ல காட்டுறோம். நிம்மதியா வளர்த்துகிட்டு இருக்கிறவன் காதுல இதை ஏன் போடணும்?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் சொன்னது மீனைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிகிறதோ என்று அவர் தேடுவதும் தெரிந்தது. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். "டப்பாவை மறந்துட்டீங்க" என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பருவம் முடிகிற வரை அப்பா தினமும் உறை போட்டார். மேடத்துக்குக் கணக்கு இடித்தது. பொடியனைப் பார்த்த தகப்பன்களும் வெறும் பாட்டிலைப் பார்த்த தகப்பன்களும் ஒரே மாதிரி காவல் காத்தால் எப்படி? முதல் தொட்டி மட்டும் ஏன் தனி? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியிருக்கிறார். கடைசியில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்ள, உள்ளே கையை விட்டவருக்கு ஒரு துண்டுத் துணி கிடைத்தது. அதே துணி அவர் போட்டிருந்த கோட்டின் உள்பக்கமும் இருந்தது. உலகத்தில் எத்தனையோ துணி இருக்க, மேடத்தின் கோட்டில் மிஞ்சிய லைனிங்கையா எடுப்பார் ஒரு மனுஷன்? எங்கள் அப்பா எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மேடம் எங்கள் வீட்டுப் படி ஏறி வந்தார். ஈரத் துணியை அம்மாவின் வெட்டு மேஜை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உறையின் ஓரத் தையல் அதில் தெளிவாகத் தெரிந்தது.

அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துணி என்னோடது மேடம். ஆனா இந்தத் தையல் நான் போட்டதில்ல. நாய் கடிச்ச மாதிரி இருக்கு."

"தெரியும்மா" என்றார் மேடம். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, எத்தனை தொட்டி?"

"முதல் ஒண்ணைத் தவிர எல்லாம்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு வருஷம் போச்சுண்ணே. இதுங்க அடுத்த வெயிலுக்குத்தான் முட்டை போடும். மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும். நான் உங்களை என்ன பண்ணேன்? எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

அப்பா துண்டை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"காரணம் சொல்லுங்க. சோம்பேறித்தனம்னா நீங்க வேலை மெனக்கெட்டு உறை தைக்க மாட்டீங்க. யாராவது சொல்லிச் செஞ்சீங்களா?"

அப்பாவின் பார்வை ஒரு தரம் என் மேல் பட்டு, உடனே தரைக்குப் போய்விட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என்னை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதற்கு வேலை போனாலும் போகட்டும் என்று நின்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வாயைத் திறக்கலன்னா நான் என்ன செய்ய முடியும்? நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்று மேடம் எழுந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை. "அவர் சொல்ல மாட்டார் மேடம், நான் சொல்றேன்" என்றேன். "அவர் வளர்த்தது ஒண்ணு இங்க நிக்குது. அவர் பெத்தது இல்ல. அதுகிட்ட யாரும் கோள் சொல்லிடக் கூடாதுன்னு பிறந்ததுலேர்ந்து காவல் காக்கிறார். அவரைப் போய் பாட்டில் வைக்கச் சொன்னா எப்படி வைப்பார்?"

மிஷின் பக்கத்திலிருந்து அம்மா ஏதோ சத்தம் போட்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. மேடத்தின் கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் மறுபடி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும்ண்ணே. சந்தேகம் வந்த எல்லாத் தகப்பனும் விட்டுட்டுப் போறதில்ல. சிலது கண்ணால பார்த்தும் நிக்கும். வாசனை தெரிஞ்சும் நிக்கும். ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் இந்தச் சோதனையே வச்சேன். நீங்க மூடி மூடி வச்சு, நிக்கிறது எதுன்னு என்னைப் பார்க்க விடல."

அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார்.

"நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க. அடுத்த வருஷம் உங்களுக்கு வெறும் பாட்டில் வரிசை. இன்னொரு வரிசைக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேடம் வாசலுக்குப் போனார். அப்பா பின்னாலேயே படி வரை போய், "வேண்டாம் மேடம். நானே வைக்கிறேன், துணி இல்லாம. நிக்கிறது எதுன்னு நானும் பார்க்கணும்" என்றார். மேடம் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு வருஷம் போனது போனதுதான்.

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆறாவது படிக்கும்போது. பெரியம்மா."

"அவ வாயில கொள்ளியை வைக்க" என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

அப்பா விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். "அதுக்கப்புறம் நாம எத்தனை சண்டை போட்டிருக்கோம்? கதவைச் சாத்திகிட்டு சாப்பிடாம இருந்திருக்க. செருப்பைத் தூக்கி எறிஞ்சிருக்க. 'என்னைக் கேக்க நீங்க யாரு'ன்னு ஒரு வார்த்தை போதுமே. யாராவது உன்கிட்ட சொல்லியிருப்பாங்களோ, இந்தச் சண்டையில அது வந்துடுமோன்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். பயத்துல நானே இறங்கிடுவேன். நீ தெரிஞ்சு வச்சுகிட்டா அதைச் சொல்லாம இருந்த?"

"சொன்னா நீங்க நம்பிடுவீங்களோன்னு பயம்ப்பா" என்றேன்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அன்றைக்குத் தெரியவில்லை. ஆகக் கடைசியில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டேன். அம்மா மூக்கைச் சிந்திவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

ரொம்ப நேரம் கழித்து அப்பா துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது சரி. பெரியவங்க பேசிகிட்டு இருக்கும்போது நடுவுல பூந்து பேசுறது என்ன பழக்கம்?"

நான் தலையைத் தூக்கினேன்.

"ஒரு பெரிய மனுஷி வீடு தேடி வந்திருக்காங்க. அவங்க முன்னாடி கத்துறதா? உங்க அம்மா தலைகுனிஞ்சு நிக்கிறாளே, அவளை ஒரு நிமிஷம் நினைச்சியா? அறிவு இருக்கா உனக்கு? வாய் மட்டும் இருந்தா போதுமா?" குரல் ஏறியது. வழக்கம்போல இறங்கிவிடும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. "அப்புறம் அந்த வண்டி. மண்டை உடைஞ்சா யாருக்கு நஷ்டம்? நாளைக்கு ஹெல்மெட் இல்லாம வாசல் தாண்டு, சாவியைப் பிடுங்கி ஏரியில போடுறேனா இல்லையா பாரு. இத்தனை வருஷம் போனா போகுதுன்னு விட்டா தலைக்கு மேல ஏறிட்ட!"

கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அம்மா தேநீர்க் குவளையோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, நான் செருப்பு எறிந்த நாள் வரைக்கும் பின்னால் போய், ஒன்று விடாமல் எடுத்துத் திட்டினார். எனக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நன்றாகத் திட்டட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.